முட்டியில் வளர்ந்த முருகை

எங்கள் வீட்டு ஹோலில் அலுமாரிக்குப் பக்கத்தில் நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதற்குள் இருப்பது முல்லைத்தீவுக் கடல். சோடித்துச் சொல்லவில்லை. இவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் கான்களைக் கட்டிக்கொண்டு போய், நல்ல தண்ணீர் வந்து கலக்காத பக்கமாகப் பார்த்து, இடுப்பளவு ஆழத்தில் நின்று நிரப்பிக்கொண்டு வருகிற அசல் கடல் தண்ணீர். இவர் என்றால் என்னுடைய மனுசன். கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராக இருக்கிறேன். வீட்டில் மூன்றாவது ஆள் மாமி, இவருடைய அம்மா.

கொரோனா அடைப்பில் எல்லோருக்கும் ஒவ்வொரு பைத்தியம் பிடித்தது. எனக்குப் பிடித்தது இது. மாமிக்கு அடுக்கவே அடுக்காது. "சட்டிக்கும் உதவாத மீனுக்கு இவ்வளவு சேவகமோ? கட்டின மனுசனுக்கு ஒரு தேத்தண்ணி நேரத்துக்கு இல்லை," என்பார். இவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். தேத்தண்ணி போடக் கை இல்லையோ ஆம்பிளைக்கு என்று நானும் விடமாட்டேன். ஆனால் மாமி சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது. கடலை வீட்டுக்குள் வைத்திருப்பது கைக்குழந்தை வைத்திருப்பது போல. தண்ணீர் ஆவியாகிக் குறையும், உப்பு குறையாது. குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் விடவேண்டும், அதுவும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் சரிவராது, சுண்ணாம்பு. கடையில் விற்கிற வடிகட்டிய தண்ணீர் வேண்டும். வெக்கை வீசுகிற கச்சான் காற்றுக் காலத்தில் தொட்டி கஞ்சி போலச் சுடும். மேலே காற்றாடி பூட்டவேண்டும். கரண்ட் போனால் பற்றரியில் காற்று ஊதவேண்டும்.

இவ்வளவும் செய்தேன். ஆனாலும் கடலுக்குள் இறங்கி எதையும் பிடுங்கியதில்லை. பவளம் என்றால் எங்கள் சனத்துக்கு மோதிரத்தில் வைக்கிற சிவப்புக் கல். கடலுக்குள் உயிரோடு வளர்கிறதை முருகை என்றுதான் சொல்வோம். அதை உடைப்பதும் விற்பதும் குற்றம் என்பது கச்சேரிக்காரியான எனக்குத் தெரியாதா? என்னிடம் வந்த முருகை ஒரு வலையில் சிக்கி வந்தது. பாறை என்று நினைத்து வலையை வெட்டி எடுத்தவர்கள் அந்தக் கட்டியை இவருடைய பட்டறை மூலையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இவர் எஞ்சின் கழுவுகிறபோது அதன் ஒரு பக்கம் மெல்லச் சுருங்குவதைக் கண்டிருக்கிறார். ஒரு வாளி கடல் தண்ணீரில் போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இந்தா, உன்ர ஆள் ஒண்டு," என்றார்.

பார்க்க அருவருப்பாக இருந்தது. சின்னத் தேங்காய் அளவில் ஒரு சுண்ணாம்புக் கட்டி. அதன்மேல் தோல் நிறத்தில் முடிச்சு முடிச்சாக ஏதோ. சளி போல ஒழுகியது. வேறு வாளியில் தனியாக வைத்து, தண்ணீர் மாற்றி மாற்றி, பிழைக்கும் என்று தெரிந்த பிறகுதான் தொட்டிக்குள் இறக்கினேன். சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் வேலையால் வந்து கைப்பையைக்கூட வைக்காமல் எட்டிப் பார்த்தால், அத்தனையும் விரிந்து நின்றன.

பத்து ரூபாய்க் காசு அளவில் வட்டம் வட்டமாக. தடித்த காம்பில் காளான்கள் எழுந்து நிற்பதைப் போல நின்றன. மண்ணிறம், நடுவிலிருந்து விளிம்புக்கு வெள்ளைக் கோடுகள், விளிம்பில் கட்டைக் கட்டையான விரல்கள். நீல விளக்கைப் போட்டதும் அவற்றின் விளிம்புகள் பச்சையாக மினுங்கின. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு சின்னக் கீறல் இருந்தது. அது வாய். இறால் துண்டு ஒன்றை இடுக்கியால் அதன்மேல் வைத்தேன். விளிம்பு உள்ளே மடிந்து கைப்பிடி மாதிரிப் பொத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து விரிந்தபோது அங்கே இறால் இல்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. பயமா சந்தோசமா என்று கேட்டால் இரண்டும்தான்.

இது என்ன இனம் என்று அறிகிற வெறி என்னைப் பிடித்துக்கொண்டது. கைபேசியில் கடல் மீன் வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் படம் போட்டேன். வந்தவர் எல்லாம் "பொத்தான் பூ, சாதாரணம்" என்றார்கள். எனக்குச் சாதாரணம் என்றால் பொறுக்காது. பொத்தான் பூவின் சதை வழுவழுப்பாக இருக்கும். இதன் சதையை இடுக்கியால் அழுத்தினால் நறநறவென்றது. மணல். இந்தச் சாதி கடலடி மணலை அள்ளித் தன் சதைக்குள்ளேயே புதைத்துக்கொள்ளும். அத்தோடு ஒவ்வொன்றும் தனித்தனியாக இல்லை. எல்லாம் ஒரே தடித்த சதைப்பாயிலிருந்து முளைத்திருந்தன. ஒரு உடம்பு, ஐம்பது வாய். இந்த இரண்டு அடையாளத்தையும் வைத்துத் தேடியபோது பெயர் வந்தது: பாலிதோவா. எங்கள் கரையில் பாறையோடு பாறையாக ஒட்டிக் கிடக்கிற பாலிதோவா இருக்கிறது, அது எழும்பி நிற்காது. இப்படிக் காம்பு வைத்து, வெள்ளைக் கோடு போட்டு நிற்பதை இந்தப் பக்கத்தில் கண்டதாகக் குழுவில் ஒருவரும் சொல்லவில்லை. உண்மையான கல் முருகையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று ஒருவர் திருத்தினார். இன்னொருவர் ஒரே வரி எழுதினார்: கவனம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், கொடிய நஞ்சு.

பெயர் கிடைத்த சந்தோசப் புளுகத்தில் குசினிக்கு ஓடினேன். மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, அதுக்குப் பேர் கண்டுபிடிச்சிட்டன். பாலிதோவா."

கத்தி நின்றது. "என்ன? பலியோ?"

"பலியில்லை மாமி. பாலி. பா…லி."

"ஓ, நீ எப்பிடி இழுத்துச் சொன்னாலும் எனக்குப் பலியெண்டுதான் கேக்குது," என்றுவிட்டு மீனின் தலையை ஒரே வெட்டில் எடுத்தார்.

அதற்குப் பிறகு மாமி அந்தத் தொட்டியைக் கவனிக்கத் தொடங்கினார். முன்பு அந்தப் பக்கம் திரும்பியும் பாராத மனிசி. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, இஞ்சை வா. உவை என்னைக் கண்டா வாயை மூடுகினம்."

உதுகள் என்று சொல்லவில்லை. உவை என்றார், ஆட்களைச் சொல்வது போல. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமி குசினி வாசலிலிருந்து நடந்து வந்தபோது நான் பார்த்தேன். விரிந்திருந்த அத்தனை வாயும் ஒரே நேரத்தில் பொத்திக்கொண்டன. நிழல் மாமி, நீங்கள் வாற பக்கம் பின்னுக்கு யன்னல் கிடக்கு, உங்கடை நிழல் விழுது, அதுக்கு நிழலெண்டா மீன் கடிக்க வருது எண்ட பயம் என்று விளக்கினேன். மாமி தலையை ஆட்டினார். அவர் கோவிலுக்குப் போன பிறகு நானும் குசினி வாசலிலிருந்து, அதே யன்னல் பின்னால் இருக்க, நடந்து வந்து பார்த்தேன். ஒன்றும் மூடவில்லை. திரும்பப் போய்த் திரும்ப வந்தேன். ஐம்பது வாயும் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. மாமியிடம் இதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் தொட்டிக்குள் இருந்த நத்தை ஒன்று சுரண்டிச் சுரண்டிக் கட்டியின் ஒரு பக்கச் சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. உள்ளே செம்மண் நிறத்தில் வளைவாக ஏதோ தெரிந்தது. மழுமழுப்பாக இருந்தது. எனக்கு அது ஏதோ ஓட்டுத் துண்டு. மாமி குனிந்தார். கண்ணாடியில் மூக்கு முட்ட நின்று பார்த்தார். நிமிர்ந்தபோது அவருடைய முகம் சரியில்லை.

"பிள்ளை, உது கல்லில்லை. முட்டி."

எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சுடலையில் எரித்த மறுநாள் காடாத்துச் சடங்கு செய்து, சாம்பலையும் எலும்பையும் அள்ளிச் சின்ன மண் முட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கடலில் கொண்டுபோய் விடுவார்கள். எங்கள் சனம் எல்லோரும் கடைசியில் போகிற வீடு அதுதான். நான் ஐம்பது வாய்க்கு இறால் ஊட்டி வளர்த்தது யாரோ ஒருவருடைய முட்டியின்மேல்.

என் வாய் சும்மா இருக்குமா? "மாமி, தயிர் முட்டியாயும் இருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"நான் அரளேல்லை. பேயெண்டும் சொல்லேல்லை. வீட்டுக்குள்ளை ஒரு ஆள் கிடக்கு, கேக்காமல் பிடிச்சு வைச்சிருக்கிறம், அதைத்தான் சொல்லுறன்."

அன்றிலிருந்து வீட்டில் சாவுத் துடக்கு என்று மாமி கோவிலுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை தவறாத மனிசி, வெள்ளிக்கிழமைகளில் வாசலில் நின்று மணிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு உள்ளே வருவார். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் திருப்பிக் கொடுத்திருப்பேன், பாரம் குறைந்திருக்கும். தொட்டிக்கு முன்னால் இருந்து சாப்பிடுவதை விட்டார். நீல விளக்கு எரிகிறபோது ஹோலைக் கடக்கமாட்டார், வளவைச் சுற்றிக்கொண்டு வருவார். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிவிட்டார். அவ வந்து எட்டிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தா. உள்ளே என்ன இருக்கிறதென்று பார் என்று இவர் சொன்னார். நான் பார்க்கவில்லை. முட்டியின் வாயைச் சுண்ணாம்பு மூடியிருந்தது, அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. படித்தவள், பயமில்லாதவள் என்று திமிரோடு திரிந்தவளுக்கு அந்தக் கட்டியைத் திருப்பி வைக்கவே கை வரவில்லை என்றால் பாருங்கள்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். முருகை எனக்கு, முட்டி கடலுக்கு. கையுறை போட்டு, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, தண்ணீருக்குள் வைத்தே உளியால் சதைப்பாயைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து ஒரு தட்டைக் கல்லில் ஒட்டினேன். ஒரு துளி தெறித்து உதட்டில் பட்டது. உடனே கழுவினேன். ஆனாலும் பின்னேரம் வரைக்கும் நாக்கு மரத்து, வாய்க்குள் செம்புக் காசு வைத்தது போல ஒரு கைப்பு. அதை மாமியிடம் சொன்னேன். "முட்டியிலை இன்னும் சதை ஒட்டிக்கொண்டு கிடக்கு. அது முழுக்க நஞ்சு. கை வையாதேங்கோ. நான் வந்து கழுவித் தாறன்." முட்டியை மூடி போட்ட வாளிக்குள் வைத்து குசினிக்குப் பின்னால் விட்டேன். அடுத்த நாள் அமாவாசை. மாமி அன்றைக்கே அதைக் கடலில் விட ஆசைப்பட்டார். எனக்கோ அன்றைக்கு வவுனியாவில் பயிற்சி வகுப்பு. பின்னேரத்துக்குள் வந்துவிடுவேன், வந்ததும் மூன்று பேருமாகப் போவோம் என்று சொல்லிவிட்டு விடியக் கிளம்பினேன்.

மாமியின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் ஒலிபெருக்கியில் ஒரே பாட்டு: கொதித்தாறிய நீரைக் குடியுங்கள், கொதித்தாறிய நீரைக் குடியுங்கள். வயிற்றோட்டத்தில் சனம் விழுந்த இடம் அது. மாமியின் கூடாரத்தில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை, அவர் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு உலகத்தில் உள்ள எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்து. மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் வந்தால் விளையாட்டுச் சாமானைக்கூடக் கொதிக்க வைப்பார். இது எனக்குத் தெரியும். நஞ்சு என்று அவரிடம் சொன்னவளும் நான்தான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்?

திரும்பி வருகிறபோது மாங்குளத்தில் பஸ் நின்றது. மழை. சாரல் அடிக்கிறதென்று எல்லாக் கண்ணாடியும் மூடி, உள்ளே புழுக்கம். கைபேசி அடித்தது. மாமி. அவர் இலேசில் போன் எடுத்துக் கதைக்கிற ஆள் இல்லை.

"பிள்ளை… எனக்கு ஆவி பட்டிட்டுது."

"என்ன மாமி?"

"ஆவி… ஆவி பட்டிட்டுது. நெஞ்சை இறுக்குது. மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு."

பின்னால் பக்கத்து வீட்டு அக்காவின் சத்தம் கேட்டது. "முட்டியை வீட்டுக்கை வைச்சிருந்தா வராதோ? ஐயரைக் கூப்பிடட்டோ?" எனக்கு உச்சியில் ஏறியது. எத்தனை கிழமையாக இந்த முட்டிக் கதை. அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "அக்கா, ஐயரும் வேண்டாம் ஆரும் வேண்டாம். ஒரு ஓட்டோ பிடிச்சு உடனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. வயசு போன மனிசி, இருதயமாய் இருக்கும்." அவ ஓம் ஓம் என்றா. இவருக்குப் போன் எடுத்தேன். கொக்கிளாய்ப் பக்கம் எஞ்சின் பார்க்கப் போனவர், தொடர்பு இல்லை.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு றோட்டு காட்டுக்குள்ளால் போகிறது. மழைக்குள் இரண்டு பக்கமும் மரங்கள் ஒரே கறுப்பு. எனக்குப் பக்கத்தில் இருந்த மனிசி நித்திரையில் வாயைத் திறந்துகொண்டிருந்தா. கண்ணாடியில் புகைபோலப் புகார் பிடித்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. மூச்சு எடுக்கேலாமல் கிடக்கு என்று மாமி சொன்ன குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் பேயை நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்தப் பஸ்ஸுக்குள், ஐம்பது வாயும் ஒன்றாகப் பொத்திக்கொண்டது நினைவு வந்தபோது, முருகா என்று என் வாய் தானாகச் சொன்னது. மாமி செத்துப்போவார் என்று நினைத்தேன். அவரோடு சண்டை பிடிக்காத நாள் இல்லை, ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைக்கவே முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமியை மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். மேலே காற்றாடி சுற்றியது. போர்வை போர்த்தியிருந்தும் நடுங்கினார். உதடு வெளிறிக் கிடந்தது. நேர்ஸ் பிள்ளை இளம் டொக்டரிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. கச்சேரியில் பழகிய சிங்களம் எனக்குப் போதும். அம்மாவுக்கு ஹொல்மன் பட்டதாம், வீட்டில் செத்தவரின் சாம்பல் சட்டி இருக்கிறதாம் என்றது. ஹொல்மன் என்றால் பேய் பிசாசு. டொக்டர் பிள்ளை பாவமாகப் பார்த்து, பயத்தில் வருகிற இளைப்பு, மெல்ல மூச்சு விடச் சொல்லுங்கள் என்றது. பக்கத்து வீட்டு அக்கா ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு நின்றா.

எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தது. "மாமி, ஆஸ்பத்திரியிலையும் பேய்க்கதையோ? என்ன செய்யுதெண்டு ஒழுங்காச் சொன்னா என்ன?"

மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். பேச முடியாமல் இரண்டு கையையும் மடியில் வைத்து வட்டம் காட்டினார். பிறகு கைகளை மெல்ல மேலே உயர்த்தி, முகத்தில் வந்து படுவது போல விரல்களை அசைத்தார்.

"சட்டி… ஆவி," என்றார். "கொதிக்க… வைச்சனான். பேயெண்டு… நான் எப்ப சொன்னனான்?"

நான் மாமிக்கு முன்னால் குந்தினேன்.

"நான் வாயைத் திறந்தா… பேயெண்டுகினம்," என்றார் மாமி. "நீ சொல்லு பிள்ளை. வாயெல்லாம்… செம்பு."

செம்பு என்ற சொல் எனக்குப் போதுமாக இருந்தது. நஞ்சு நஞ்சு என்று நான் சொன்ன அந்தச் சதையை, மழை என்று யன்னல் எல்லாம் மூடிய குசினிக்குள், பெரிய சருவச்சட்டியில் மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, அதன்மேல் குனிந்து நின்று கரண்டியால் சுரண்டியிருக்கிறார். வெந்த நஞ்சு ஆவியோடு ஏறி நெஞ்சுக்குள் போயிருக்கிறது. அந்த மனிசி முதலிலிருந்தே சரியாகச் சொன்னார். அவர் சொன்ன ஆவி தண்ணீர் ஆவி. நாங்கள் எல்லோரும் கேட்டது மற்ற ஆவி.

கைபேசியைத் திறந்து டொக்டரின் முகத்துக்கு நேரே படத்தைப் பிடித்தேன். சிங்களம் பாதி, இங்கிலிசு பாதி. இது விலங்கு, கடல் விலங்கு, பெயர் இது, கொதித்த புகையைச் சுவாசித்திருக்கிறா. பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை தன் கைபேசியில் தேடி வாசித்தது. வாசிக்க வாசிக்க அதன் முகம் மாறியது. பிறகு எல்லோரும் ஓடினார்கள். ஒக்சிசன் வந்தது, மருந்துப் புகை வந்தது, இருதயத்துக்கு வயர் பூட்டினார்கள். பேர் தெரிந்திருந்தது நல்லதாய்ப் போச்சு என்று டொக்டர் பிள்ளை பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னது. விடிகிறபோது மாமியின் உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. வார்டுக்கு வெளியே நின்று நான் அழுதேன், இரவே வந்து சேர்ந்திருந்த இவரின் தோளில் இல்லை, சுவரில் சாய்ந்து, சத்தம் போட்டு.

இவர் வீட்டுக்குப் போய் யன்னல் எல்லாம் திறந்து, மூக்கைக் கட்டிக்கொண்டு குசினியைக் கழுவினார். சட்டிக்குள் முட்டி இரண்டாகப் பிளந்து கிடந்ததாம். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டேன். மணல் என்றார். பிறகு, நான் வடிவாப் பாக்கேல்லை என்றார். துண்டுகளைப் படகில் கொண்டுபோய் நடுக்கடலில் விட்டுவிட்டு வந்தார்.

மாமி வீட்டுக்கு வந்ததும் சனம் பார்க்க வந்தது. ஹோலில் கட்டில் போட்டு மாமியைப் படுக்க வைத்திருந்தோம், அங்கேதான் காற்று வரும். வந்தவர்களுக்கெல்லாம் நான் விளக்கினேன். "பேயில்லை அன்ரி, ஆவி. முட்டியிலையிருந்து வந்த ஆவி." சொல்லி முடிக்க முதல் அவர்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். "ஓம் பிள்ளை, அதைத்தானே நாங்களும் சொல்லுறம்." நீராவி என்று சொல்லிப் பார்த்தேன். கொதிதண்ணிப் புகை என்று சொல்லிப் பார்த்தேன். நான் எதை ஊற்றினாலும் அவர்களின் பாத்திரத்தில் பேயாகத்தான் விழுந்தது. ஒரு வயதான மனிசி மாமியின் கையைத் தடவிக்கொண்டு, "உன்ர மனுசன்ர முட்டியும் இந்தக் கடலிலைதானே விட்டனீங்கள்?" என்று கேட்டா. மாமா காய்ச்சலில் போனபோது இவருக்குப் பத்து வயது. மாமி ஓம் என்றார். அன்று முழுக்கத் தொட்டிப் பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அந்த முருகையை வைத்திருக்க இனி எனக்கு மனமில்லை. எவ்வளவு அருமையான இனமாக இருந்தால் என்ன? கொல்வதும் பக்குவமாகச் செய்யவேண்டும். இவர் வளவின் கடைசியில் வாளியில் வெளிற்றும் பவுடர் கரைத்து வைத்தார். கழுவிக் கடலில் விடவும் கூடாது, காயவிடவும் கூடாது, கொதிக்க வைப்பதென்றால் சொல்லவே வேண்டாம். நான் நீண்ட கையுறை போட்டுக்கொண்டு தொட்டியின் மூடியைத் திறந்தேன். எல்லா வாயும் விரிந்திருந்தன. வாழ்க்கையில் அவ்வளவு வடிவான ஒன்றை நான் வளர்த்ததில்லை.

"என்ன செய்யப் போறாய்?" கட்டிலிலிருந்து மாமி கேட்டார்.

"எடுத்துக் கொல்லப் போறன் மாமி."

"வேண்டாம். இருக்கட்டும்."

நான் திரும்பிப் பார்த்தேன். கோவிலுக்கும் போகாமல், வளவைச் சுற்றி நடந்து, இதை ஒதுக்கி வைத்த மனிசி.

"அதுக்குச் சாப்பாடு குடுத்தனியோ?" என்றார்.

"மாமி?"

"இஞ்சை வா. இதிலை இரு." கையுறையோடு போய்க் கட்டில் விளிம்பில் இருந்தேன். மாமி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ படிச்சனீ. ஒளிக்காமல் சொல்லு. அது எந்த ஆவி?"

"நீங்கள்தானே மாமி முதல் சொன்னனீங்கள், சட்டி ஆவியெண்டு."

"சொன்னனான். அப்ப நான் யோசிக்கேல்லை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "குனிஞ்சு நிக்கேக்கை முகத்திலை வந்து பட்டது. நெத்தியிலை, பிறகு கன்னத்திலை. இளஞ்சூடு. அவர் அப்பிடித்தான், எனக்குக் காய்ச்சலெண்டா புறங்கையாலை தொட்டுப் பாக்கிறவர். முதல் நெத்தி, பிறகு கன்னம்." அவருடைய கை தானாக உயர்ந்து தன் கன்னத்தைத் தொட்டது. "இத்தனை வருசத்திலை ஒருக்காலும் கனவிலைகூட வராத மனுசன். ஒருக்கா என்னைப் பாக்க வந்திட்டுப் போறாரோ எண்டு… அவரோ, பிள்ளை?"

அவர் பயத்தில் கேட்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவு நாளும் சனம் பேய் பேய் என்றபோது அவர் பயந்து கிடக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் ஆசைப்பட்டுக் கிடந்திருக்கிறார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓம் என்றால் இந்த மனிசி நாளைக்கே இன்னொரு சட்டி கொதிக்க வைப்பார். எனக்கு அவரைத் தெரியாதா?

"இல்லை மாமி," என்றேன். "அது தண்ணி கொதிச்ச ஆவி. வெறும் ஆவி. அவர் இல்லை."

"வடிவாத் தெரியுமோ?"

"தெரியும் மாமி."

மாமி கன்னத்திலிருந்த கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அப்ப கொண்டுபோய்க் கொட்டு," என்றார்.